அல் ஜசீரா முதல் மீடியா ஒன் வரை: தடைக்குக் காரணம் சொல்ல வேண்டாமா?

திருவனந்தபுரம்: வளைகுடா நாடுகளில் நிகழும் எதுவும் கேரளத்துக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று. பல லட்சம் மலையாளிகள் அங்கு பணிபுரிவதால், தோஹாவில் எழும் சர்ச்சை இங்கு வீட்டுச் செய்தியாகிறது. கத்தாரின் அல் ஜசீரா தொலைக்காட்சி எதிர்கொண்ட தடைகளைக் கேரளம் உற்றுநோக்க மற்றொரு காரணமும் உண்டு. அதையொத்த வழக்கொன்றை இம்மாநிலமும் கண்டுள்ளது.

கத்தார் அமீராக இருந்த ஷேக் ஹமத் பின் கலீஃபா அல் தானியின் நிதியுதவியுடன் 1996 நவம்பர் 1-ஆம் தேதி அல் ஜசீரா தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மூடப்பட்ட பிபிசி அரபுத் தொலைக்காட்சியின் செய்தியாளர்கள் பலர் அதில் இணைந்தனர். ஆட்சியாளர்களின் புகழையே அரபு அரசுத் தொலைக்காட்சிகள் பாடிவந்த காலத்தில், எதிர்ப்பாளர்களையும் இஸ்ரேலியப் பேச்சாளர்களையும் அது விவாதத்துக்கு அழைத்தது. அதன் வளர்ச்சிக்கு அடித்தளம் இதுவே.

சர்ச்சைகளும் உடன் வளர்ந்தன. பின்லேடனின் ஒளிப்பதிவுகளை வெளியிட்டதால் அமெரிக்கா சினந்தது. 2003 ஏப்ரல் 8-இல் பாக்தாத் அலுவலகம் அமெரிக்கத் தாக்குதலுக்குள்ளானதில் செய்தியாளர் தாரிக் அய்யூப் உயிரிழந்தார். 2017-இல் சவூதி அரேபியா உள்ளிட்ட நான்கு நாடுகள் கத்தாருக்கு விதித்த 13 நிபந்தனைகளில் அல் ஜசீராவை மூடுவதும் ஒன்று. 2024 மே மாதம் இஸ்ரேல் அதன் அலுவலகத்தை மூடியது. 2025 ஜனவரியில் பாலஸ்தீன ஆணையமும் அதன் பணிகளை இடைநிறுத்தியது.

தன்னைப் புரக்கும் கத்தார் அரசை அது கடுமையாக விமர்சிப்பதில்லை என்ற குறை நியாயமானதே. ஆயினும், உரிமையாளர் யார் என்ற கேள்வியும், மூடும் அதிகாரம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்ற கேள்வியும் வெவ்வேறு.

இந்தியாவும் 2015 ஏப்ரலில் அல் ஜசீராவை ஐந்து நாள் நிறுத்தியது. காஷ்மீரைத் தவறாகக் காட்டும் வரைபடங்களே காரணம் என வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதை ஏற்கவோ மறுக்கவோ இடமிருந்தது.

கோழிக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மீடியா ஒன் மலையாளத் தொலைக்காட்சிக்கு அந்த வாய்ப்பு வழங்கப்படவில்லை. 2022 ஜனவரி 31-இல் அதன் ஒளிபரப்பு அனுமதியை மத்திய அரசு ரத்து செய்தது. உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு ஒப்புதல் மறுத்ததாக மட்டுமே கூறப்பட்டது; விவரம் சீலிட்ட உறையில் நீதிமன்றத்துக்குச் சென்றது. கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும், பின்னர் இரு நீதிபதிகள் அமர்வும் தடையை உறுதிசெய்தனர். மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் அளித்தது.

2023 ஏப்ரல் 5-இல் தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி ஆகியோர் தடையை நீக்கினர். ஜமாத்-இ-இஸ்லாமி ஹிந்துடன் தொடர்பு என்ற வாதத்துக்கு, அது தடைசெய்யப்பட்ட அமைப்பு அன்று எனச் சுட்டினர். அரசின் கொள்கைகளை விமர்சிப்பதை அரசு எதிர்ப்பாகக் கொள்ள முடியாது எனவும், தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை ஆதாரமின்றிப் பயன்படுத்தலாகாது எனவும் தெளிவுபடுத்தினர்.

ஓர் ஊடகத்தின் சார்பை மக்கள் கண்டறிந்து எடைபோடலாம். வேண்டாதோர் அலைவரிசையை மாற்றிக்கொள்ளலாம். மறைக்கப்பட்ட காரணத்தை எவராலும் எடைபோட இயலாது. பாதுகாப்புக்கு உண்மையான ஆபத்து இருப்பின், அதை நிறுவும் பொறுப்பு தடை விதிக்கும் அரசையே சாரும்.