வாட்டுக்கு லேபிள் உண்டு, லேனுக்கு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது சார்ஜர் விதி 2024 டிசம்பரில் போன்களுக்கு வந்தது. 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளுக்கும் அதே கதி: யுஎஸ்பி-சி இருந்தே ஆக வேண்டும். நல்ல விதிதான், அடாப்டர் குப்பை குறையும்.

நம் தலைவலி வேறு. ஐரோப்பாவுக்கென்று தனி போர்டு அடிக்கும் கம்பெனிகள் குறைவு; அங்கே விற்பதுதான் ரிச்சி தெருவுக்கும் வரும். மெலிந்த மாடல்களில் ஆர்ஜே45 ஏற்கெனவே போய்விட்டது. இனி சார்ஜர், மானிட்டர், லேன் மூன்றும் ஒரே சி போர்ட்டில், ஒரு ஹப்பின் தயவில்.

"நெட் சுத்திக்கிட்டே இருக்கு சார்" என்று அழைப்பு வரும். டெஸ்டரில் எட்டு கம்பியும் சரி. ஸ்விட்ச்சில் சிஆர்சி பிழை பூஜ்யம். லிங்க் 1 ஜிபிபிஎஸ். ஐபெர்ஃப் மட்டும் முந்நூறு சொச்சத்தில் நிற்கும். 4கே மானிட்டரைப் பிடுங்கிப் பாருங்கள், வேகம் திரும்பிவிடும். ஹப் அதிவேகத் தடங்கள் நான்கையும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குத் தாரை வார்த்துவிட்டால் ஈதர்நெட் சிப்புக்கு மிஞ்சுவது யுஎஸ்பி 2.0, அதாவது ஏட்டளவில் 480 எம்பிபிஎஸ். சார்ஜரை ஹப்பில் செருகும்போது பவர் பேரம் மறுபடி நடந்து, ஹப் விழுந்தெழுந்து, ரிமோட் டெஸ்க்டாப் அறுவதும் இந்த வகைதான். டாங்கிளை மாற்றினால் மேக் முகவரி மாறி போர்ட் செக்யூரிட்டி கதவடைப்பது தனிக்கதை. பழி மட்டும் கேபிள் இழுத்தவன் தலையில்.

இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம்: ஹப்பின் உள்ளே இருக்கும் ஈதர்நெட் சிப் எது, எந்த பஸ்ஸில் தொங்குகிறது என்று பெட்டியின் மேல் போட என்ன கேடு? அதே ஐரோப்பிய விதி, சார்ஜ் எத்தனை வாட் என்று லேபிள் ஒட்டச் சொல்கிறது. பேனாவைக் கையில் எடுத்தவர்கள் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? டில்லியில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் நடத்திய பேச்சும் சார்ஜரைப் பற்றியதே. கம்பி வழியாகத் தரவும் போகிறது என்பதை இவர்களுக்கு யார் சொல்வது? பெட்டியில் 'ஜிகாபிட்' என்று அச்சடித்துவிட்டு யுஎஸ்பி 2.0-வில் கட்டிய டாங்கிளை விற்பவனை யாரும் கேட்பதில்லை. அதற்கும் நாம்தான் இலவசமாக இரண்டாம் முறை போய் நிற்கிறோம்.

எனவே டாக் வாங்கும்போது, 4கே 60 ஹெர்ட்ஸில் மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க லேன் வேகம் எவ்வளவு என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற டாக்கைப் பொருத்தாதீர்கள். வாடிக்கையாளரே வாங்கி வைத்திருந்தால், அதனால் வரும் மறுவருகைக்கு பில் போடுங்கள்.