குறை கூறுவோரும் திருத்துவோரும்

தமிழில் அரங்கேற்றம் என்றொரு மரபு இருந்தது. நூலை இயற்றிய புலவர் அதனை அறிஞர் அவையிலே படித்துக் காட்டுவார். அவையினர் ஆட்சேபங்களை எழுப்புவர். அவற்றுக்கு விடை பகர்ந்த பின்னரே நூல் உலகிற் புகும். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற் செய்யுளின் சொற்புணர்ச்சி பற்றியே ஆட்சேபம் எழுந்தது என்ற கதையை, யாழ்ப்பாணத்தில் புராணபடனம் கேட்டு வளர்ந்தோர் அறிவர்.

அந்த அவையிலே அமர்ந்திருந்தோர் கற்றறிந்த சிலர். அவர்களுக்குப் பதிலாக 175,000 பேரைக் கூட்டி, 'எங்கள் நூலில் குறை கூறுங்கள்' என்று கேட்டால் நூல் மேம்படுமா, கெடுமா? அமெரிக்காவில் இது உண்மையாகவே நடந்தது. 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்னும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014 இல் வெளிவந்தபோது, அதனைப் பரீட்சித்துப் பார்த்த 175,000 இற்கும் மேற்பட்ட இரசிகர்களுக்கு நூலின் முகப்புப் பக்கங்களிலேயே நன்றி கூறப்பட்டிருந்தது.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் போர்வீரன், மந்திரவாதி, கள்வன், மதகுரு என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். 'கதவை உடைக்கிறேன்' என்று ஒருவர் கூறினால், இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, விழும் எண்ணோடு பாத்திரத்தின் ஆற்றலைக் கூட்டி, அது குறித்த இலக்கை எட்டியதா என்று பார்ப்பர். கதை அதற்கேற்பத் திரும்பும். வெற்றி தோல்வி என்ற முடிவு கிடையாது. ஆகவே விதிநூல்தான் இங்கே ஆடுகளமும் நடுவருமாகும்.

பரீட்சித்துப் பார்த்தல் இவ்விளையாட்டுடன் கூடவே பிறந்ததொன்று. மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னெசன் தம் நண்பர்களுடன் ஆடிவந்த ஆட்டத்தை விஸ்கொன்சினின் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகக்ஸ் விதிகளை எழுதி, தம் மகனையும் மகளையும் அமர்த்தி ஆடிப் பார்த்தார். பின்னர் நண்பர்கள் சேர்ந்தனர். 1974 இல் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக ஆயிரம் பிரதிகள் வெளிவந்தன. அன்றைய பரீட்சகர்களை எழுதியவர் நேரிற் கண்டார். யார் முகம் சுளித்தார், யார் கொட்டாவி விட்டார் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆள் பெருகப் பெருக இழக்கப்பட்டது இதுவே என்பது என் கருத்து.

பொதுமக்களிடம் செல்லவேண்டிய நிலை எவ்வாறு வந்தது? 2008 இல் வந்த நான்காம் பதிப்பு பழைய இரசிகர்களைப் பிளவுபடுத்தியது. கணினி விளையாட்டைப் போல ஆகிவிட்டது என்று பலர் குறைப்பட்டனர். அதே ஆண்டில் பைசோ என்ற சிறு நிறுவனம், பழைய விதிகளைத் தழுவிய 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டின் வரைவைப் பகிரங்கமாக வெளியிட்டு, ஆடிப் பார்த்துக் கருத்துக் கூறுமாறு அழைத்தது. 2009 இல் அது நூலாக வந்தபோது, கைவிடப்பட்டதாகக் கருதிய இரசிகர்களிற் பெருந்தொகையினர் அதன் பக்கம் சென்றனர். இந்த அடிக்குப் பின்னரே, உரிமையாளரான விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2012 மே மாதத்தில் புதிய பதிப்பின் வரைவை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

அந்தக் கோடையில் நான் ரொறொன்ரோவில் என் தமக்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். மருமகனும் அவன் நண்பர்களும் நிலக்கீழ் அறையில் அந்த வரைவை ஆடினர். ஓர் ஆள் குறைந்ததால், 'மாமா, நீங்கள் சும்மா இருங்கோ, பகடையை மட்டும் உருட்டுங்கோ' என்று என்னையும் இழுத்து இருத்தினான். குள்ளர் இனத்து மதகுரு என் பாத்திரம். ஆட்டத்தைவிட ஆடியவர்களைக் கவனிப்பதிலேயே என் மனம் சென்றது. செய்தியாளனின் பழக்கம் அது.

மந்திரவாதியாக ஆடிய இளைஞன் மூன்று மணித்தியாலமும் வாய் ஓயாமற் சிரித்தான். கருத்துப் படிவத்தை நிரப்பும்போதோ, மந்திரவாதி பலவீனமானவன் என்று நீண்ட முறைப்பாடு எழுதினான். போர்வீரனாக ஆடியவன் தன் முறை வராத வேளையெல்லாம் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தான். அவன் எழுதியது, 'எல்லாம் நன்று'. இரண்டு படிவங்களுமே பொய்யல்ல. ஆனால் வடிவமைப்பாளர் அறியவேண்டியிருந்த செய்தி இரண்டிலும் இல்லை.

அன்று நான் கண்ட ஒரு புதிய விதி நல்ல உதாரணமாகும். முன்னைய பதிப்புகளில் பாத்திரத்துக்குச் சாதகமான நிலை ஏற்பட்டால் இங்கே ஒன்று, அங்கே இரண்டு எனப் புள்ளிகளைத் தேடிக் கூட்டவேண்டும். புதிய வரைவோ இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள் என்றது. பாதகமான நிலையில் சிறிய எண். கணக்கு எளியது. பதினொன்றோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 50 சதவீதத்தில் இருந்து 75 சதவீதமாக உயர்கிறது. இதைக் கடதாசியிலேயே கணித்துவிடலாம். முதற் பகடை மூன்று காட்டி, இரண்டாவது உருண்டுகொண்டிருக்கும் அந்தக் கணத்தில் மேசையைச் சுற்றியிருந்த அனைவரும் எழுந்து நின்றதை எந்தக் கணக்கும் காட்டாது. அவ்விதி 2014 இன் நூலிலும் 2024 இன் நூலிலும் நிலைத்துவிட்டது.

மக்கள் கூறும் குறைக்கும் அவர்களது உண்மையான நோவுக்கும் உள்ள இடைவெளி பத்திரிகைத் தொழிலில் இருந்தோருக்குப் புதிதன்று. நான் முன்னர் பணியாற்றிய நாளேடொன்று பக்க அமைப்பை மாற்றியபோது, எழுத்துச் சிறுத்துவிட்டது என்று கடிதங்கள் குவிந்தன. எழுத்தின் அளவோ மாறவேயில்லை. மரண அறிவித்தல்கள் வழமையான பக்கத்தில் இருந்து உட்பக்கத்துக்குப் போயிருந்தன. அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் கடிதங்கள் நின்றன. கடிதம் எழுதியவர்கள் ஏதோ பிழை என்று கூறியதில் முற்றிலும் சரி. எது பிழை என்று கூறியதிலேயே தவறினர். அதைக் கண்டுபிடிப்பது ஆசிரியபீடத்தின் வேலை.

2022 இல் ஆரம்பித்து 2024 செப்டெம்பரில் நூலாக முடிந்த அடுத்த சுற்றுப் பரீட்சையிலே இப்பிரச்சினை இன்னும் கூர்மையடைந்தது. ஒவ்வோர் அம்சத்துக்கும் எத்தனை சதவீதத்தினர் திருப்தி தெரிவிக்கின்றனர் என்று கணக்கெடுத்தனர். 70 சதவீதத்தைத் தாண்டியது சரியான பாதையிற் செல்வதாகக் கொள்ளப்பட்டது. அதற்குக் கீழே விழுந்தது திருத்தத்துக்கு உள்ளாகும், மிகத் தாழ்ந்தால் கைவிடப்படும் என வடிவமைப்பாளர்கள் வெளிப்படையாகவே கூறினர்.

இந்த முறையில் எனக்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது, பழகியது எப்போதும் 70ஐத் தாண்டும், புதியது தடுமாறும். இரண்டாவது, எல்லோரும் எல்லாப் பாத்திரங்களையும் ஆடுவதில்லை. ஒரு பாத்திரத்தை ஒருபோதும் ஆடாதவரின் வாக்கும், அதையே பத்தாண்டு ஆடியவரின் வாக்கும் ஒரே எண்ணாகக் கூட்டப்படுமாயின், கிடைக்கும் சராசரி யாருடைய அனுபவமும் அன்று.

ஆயினும் அச்சுற்றிலேயே மெச்சத்தக்க ஒரு காரியமும் நடந்தது. விலங்குருக் கொள்ளும் ஆற்றலுடைய 'ட்ரூயிட்' என்ற பாத்திரத்தை ஆடுவோர், விலங்குகளின் விபரங்களைத் தேடி நூலைப் புரட்டிக்கொண்டிருக்க ஏனையோர் காத்திருப்பது பழைய தொல்லை. அதற்குப் பரிகாரமாக, நிலம், நீர், வான் என்று சில பொது வார்ப்புகளை 2023 பெப்ரவரி வரைவு முன்வைத்தது. கரடிக்கும் ஓநாய்க்கும் வேறுபாடு இல்லாமற் போகிறதே என்று ஆடுவோர் நிராகரித்தனர். வடிவமைப்பாளர்கள் வார்ப்புகளைக் கைவிட்டனர். தொல்லையை மறந்துவிடவில்லை. 2024 நூலில் விலங்குகளின் தனித்தன்மை மீண்டும் வந்தது. அத்துடன், நான்கு உருவங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்து ஆரம்பிக்க வேண்டும் என்ற வரையறையும் சேர்ந்தது. மக்கள் மறுத்தது மருந்தை, நோயை அல்ல என்று பிரித்தறிந்த இச்செயலையே நான் திருத்தம் என்பேன். வாக்குகளை எண்ணி மட்டும் இம்முடிவுக்கு வந்திருக்க முடியாது.

இறுதியாக ஒன்று. இத்தனை ஆயிரம் பேரும் ஊதியமின்றி உழைக்கின்றனர். அவர்களுக்குரியது நன்றி மட்டுந்தானா? 2000 இல் மூன்றாம் பதிப்புடன் வழங்கப்பட்ட திறந்த உரிமம், எவரும் இவ்விதிகளைத் தழுவித் தம் ஆக்கங்களை வெளியிட இடமளித்தது. 2023 ஜனவரியில், அதனை இறுக்கும் வரைவொன்று கசிந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் கருத்துக் கேட்டது. 15,000 இற்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். புதிய உரிமத்தின் கீழ் வெளியிட விரும்பவில்லை என்றோர் 88 சதவீதத்தினர். அம்மாதம் முடியுமுன்னரே நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை மீளப்பெற முடியாத கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது.

விதி நன்றா என்ற கேள்விக்குப் பெருந்தொகையினரின் எண்ணிக்கை விடையாகாது. அதற்கு மேசையருகே உட்கார்ந்து பார்க்கும் கண்ணும், ஏன் என்று கேட்கும் பொறுமையும் வேண்டும். ஆனால் விளையாட்டு யாருக்கு உரியது என்ற கேள்வி வேறு. கூடி ஆடித் திருத்தியவர்களுக்கு அதில் பங்குண்டு, அங்கே அவர்களை எண்ணத்தான் வேண்டும். அடுத்த பதிப்பு என்றோ ஒருநாள் வரும்போது, நிறுவனம் படிவங்களின் தொகையைக் குறைத்துத் தன் ஆட்களை நூறு மேசைகளுக்கு நேரே அனுப்பினால், அதே வேளையில் உரிமத்தில் கைவைக்குமுன் ஆடுவோரைக் கேட்டால், அது நல்ல பதிப்பாக அமையும் என்று நம்புகிறேன்.