இக்காலப் பெரும்பாணர்க்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வறுமையுற்ற பாணன் ஒருவனைக் காஞ்சி நகரத்துத் தொண்டைமான் இளந்திரையனிடத்து ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது என்பதைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். பேரியாழ் உடையார் பெரும்பாணர் எனவும், சீறியாழ் உடையார் சிறுபாணர் எனவும் வழங்கப்பெற்றனர் என்பர். அக்காஞ்சி மாநகரில் இக்காலத்தும் பெரும்பாணர் உளர். நான்கு தடித்த தந்திகளையுடைய பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருசக்கர வண்டியிற் செல்லும் வாலிபரையே யாம் இங்ஙனம் குறிக்கின்றோம். ஆலயத்து அறுப்பின் பண்டிகை, கிறிஸ்து பிறப்புப் பாடல் ஆராதனை, திருமண வரவேற்பு, கோயில் திருவிழாவில் நிகழும் மெல்லிசைக் கச்சேரி ஆகிய இவையே அவர்தம் அரங்குகள். இவருட் பலர் தறியொலி கேட்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். பரிசில் நல்கும் இளந்திரையன் இன்று இலன். தம் சிறு கைப்பொருளைக் கொண்டோ, தவணைக்கடன் பட்டோ கருவி கொள்ளவேண்டிய நிலையினர் இவர். ஆதலின், எதனை வாங்குவது, எதற்கு முதலிடம் கொடுப்பது என்னும் வினா, கேட்பதற்குச் சிறிதாயினும் ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயைப் பற்றியதாகும்.

இவ்வினாவிற்கு எமது விடையை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். சிறிய அரங்கிலே பேஸ் கிட்டாரின் கடமை பாட்டைத் தாங்குதல். பாட்டின் சொல்லை மறைத்தல் ஆகாது. இக்கடமைக்குக் குறைந்த விலைக் கருவியே போதும். கைப்பொருளின் பெரும்பகுதியை ஒலிபெருக்கிக்கு ஒதுக்குதல் வேண்டும். கருவியின் மேல் எழுதிய பெயருக்காகவும், அரங்கிற்கு வேண்டாத பேரொலிக்காகவும் கொடுக்கும் காசு வீணே.

இனி, "பேஸ் கிட்டாரே எதற்கு? கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் தாளமும் கீழ்ச்சுரமும் தாமே ஒலிக்குமே" என்று வினவுவார் உளர். செலவைக் குறைக்கும் எண்ணத்தால் எழும் இவ்வினாவைத் தள்ளிவிடுதற்கில்லை. ஆயினும், இயந்திரம் தன் வழியே செல்லுமன்றிப் பாடுவோர் வழியே செல்லாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் வழியே முழவும் நின்ற முறைமையை இளங்கோவடிகள் கூறுதல் காண்க. பக்க இசையென்பது பின்பற்றி நிற்றலே என்பது இதனாற் பெறப்படும். நம் ஆலயங்களில் கீர்த்தனை பாடுங்கால், முதியோர் ஒரு சொல்லில் சற்றே நின்று மேற்செல்வர். சபையார் அவரோடு நிற்பர். ஆங்குக் காத்து நிற்கவல்லது மனிதன் கையே. மேலும், இதே காஞ்சியில் வாழ்ந்த சங்கீத வித்வான் நயினாப் பிள்ளை (1889–1934), பக்கவாத்தியக்காரர் பலர் புடைசூழ அமர்ந்து கச்சேரி நிகழ்த்தியதாற் புகழ்பெற்றவர் அன்றோ? இயந்திரத்தின் விசையொன்று நான்கு பிள்ளைகளின் இருக்கையைப் பறித்துக்கொள்ளுமாயின், அச்சிக்கனத்தால் நாம் இழப்பது மிகுதி என்பதே எமது துணிபு.

இக்கருவியின் வரலாற்றையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம். மேனாட்டு இசைக்குழுக்களில் கீழ்ச்சுரத்திற்கு ஆளுயரத்தினும் பெரிதான வயலின் இனக் கருவியே முன்னாளில் வழங்கிற்று. அது தூக்குதற்கரியது, முரசும் கொம்பும் முழங்குமிடத்துக் கேட்டற்கும் அரியது. அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் என்பார் 1930-களில் மின்சாரத்தால் ஒலிக்கும் சிறிய கருவியொன்றை அமைத்தார். 1951-இல் லியோ பெண்டர் என்பார் மெட்டுகள் பதித்த பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொணர்ந்தபின் அஃது உலகெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டிலோ, 1976-இல் "அன்னக்கிளி" வாயிலாகத் திரையுலகிற் புகுந்த இளையராஜா, பேஸ் கிட்டாரை வெறுந்துணையாக நிறுத்தாது, பாட்டிற்கு எதிர்நடை போடும் மற்றொரு பாட்டாகவே அமைத்தார். இன்று காஞ்சிபுரத்து வாலிபன் அக்கருவியை விரும்புகின்றான் எனின், அவ்விருப்பத்தை அயல்நாட்டு மோகம் என்று இகழ்தல் பொருந்தாது. அவன் தொட்டிலிற் கேட்ட தமிழ்ப்பாட்டிலேயே அவ்வோசை கலந்திருந்தது.

நிற்க, ஒலிபெருக்கிக்கு முதலிடம் என்றோம். அதன் காரணத்தை விளக்குவாம். பழந்தமிழ் இசைவாணர் மெலிவு, சமன், வலிவு என ஒலிநிலையை மூன்றாகப் பகுத்தனர். பேஸ் கிட்டார் மெலிவு நிலையில் நிற்பது. அதன் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. அவ்வதிர்வால் எழும் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேற்படும். இத்தகைய ஒலியை எழுப்ப, ஸ்பீக்கரின் தாள் மிகுந்த காற்றைத் தள்ளவேண்டும். சாதாரண கிட்டாருக்கென அமைந்த 6 அல்லது 8 அங்குலச் சிறு பெட்டியில் பேஸ் கிட்டாரை இணைத்தால், அடியொலி எழாது மேலொலிகளே கேட்கும். ஒலியைக் கூட்டினாலோ தாள் கிழிதலும் உண்டு. விலையுயர்ந்த கிட்டாரை அத்தகைய பெட்டியில் இணைப்பதினும், விலை குறைந்த கிட்டாரை ஏற்ற பெட்டியில் இணைப்பதே இனிது ஒலிக்கும். எனவே பேஸ் கிட்டாருக்கென்றே செய்யப்பட்டதும், 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் உடையதுமான பெட்டியையே நாடுக. அது கிடைக்காவிடத்துக் கீபோர்டுக்குரிய பெட்டி ஒருவாறு உதவும்.

வாட் என்னும் அளவைக் கண்டு மயங்குவார் பலர். 50 வாட்டினும் 100 வாட் இருமடங்கு ஒலிக்கும் என்பது அவர் எண்ணம். உண்மை அவ்வாறன்று. மின்திறன் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் அளவே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற, திறன் ஏறக்குறையப் பத்து மடங்காதல் வேண்டும். நூறு பேர் அமரும் சிறு ஆலயத்திற்கோ திருமணக் கூடத்திற்கோ 40 முதல் 100 வாட் வரை சாலும். அதனினும் பெரிய இடங்களில் மைக் செட் வைப்பார் இருப்பர். ஆதலின் நம் பெட்டியிலிருந்து அவர் கருவிக்கு ஒலியை அனுப்பும் துளை ஒன்று இருத்தல் நன்று. தலையணிக் கருவிக்குரிய துளையும் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் தெருக்களில் இரவில் பழகுவார்க்கு அதுவே அயலாரோடு நட்பைக் காப்பது. பெட்டியை ஒருவரே தூக்கி வண்டியில் ஏற்றவியலுமா என்பதையும் கடையிலேயே தூக்கிப் பார்த்து அறிக.

இனிக் கருவியைக் கொள்ளும் வகை. காஞ்சிப் பட்டை அறிந்து வாங்குவார் அதன் முகப்பை மட்டும் கண்டு மயங்கார். புடவையைப் புரட்டிப் பின்புறம் நோக்குவர். உடலும் கரையும் கோர்வையால் இறுகப் பிணைந்துள்ளனவா என்று விரலால் தடவிப் பார்ப்பர். கிட்டாரையும் அங்ஙனமே நோக்குதல் வேண்டும். வண்ணத்தை விடுத்து முதலிற் கழுத்தைப் பார்க்க. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், இடையில் ஏழாம் எட்டாம் மெட்டுகளின் மேல் ஒரு காகித அட்டை நுழையும் இடைவெளியே இருக்கவேண்டும். மிகுதியாயின் கழுத்து வளைந்தது; சிறு வளைவு உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகுவதால் நிமிரும்; அத்திருகு அசையாத கருவியை விட்டொழிக. பன்னிரண்டாம் மெட்டின் நேரே தந்தியை அழுத்தாது தொட்டு மீட்டி, பின் அம்மெட்டிலேயே அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுருதியில் நின்றால் கருவி செவ்விது. சுருதி ஆராய்ச்சிக்கென வாழ்நாளையும் பொருளையும் செலவிட்டு 1917-இல் "கருணாமிர்த சாகரம்" வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரின் வழிவந்த நம் சபையார், சுருதி பிசகிய கருவியை விலை மலிவென்று ஏற்றல் தகாது. ஒவ்வொரு மெட்டிலும் ஒலித்துப் பார்த்து நரநரப்பு எழுமிடத்தை அறிக. பிருடைகள் நழுவாமையையும், வயர் செருகும் துளையில் கரகரப்பு இன்மையையும் காண்க.

நான்கு தந்திகளே நம் பாடல்களுக்குப் போதுமானவை. பாட்டின் நடுவே தீர்ந்துபோகும் 9 வோல்ட் பாட்டரியை நம்பும் கருவியினும், பாட்டரி வேண்டாத எளிய கருவியே சிறு மேடைக்கு ஏற்றது. தந்தியின் ஒலிக்கும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். கை சிறியவராயின் 30 அங்குலக் கருவி பொருந்தும். யமாஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்குவையர் முதலிய பெயர்களில் தொடக்கநிலைக் கருவிகள் கிடைக்கின்றன. இவற்றுள் எதனையும் படம் கண்டு வாங்காது கையிலெடுத்துப் பார்த்தே வாங்குக. பிறர் பேணி வைத்திருந்த பழைய கருவி கிடைப்பின் இன்னும் நன்று. மரமும் இரும்பும் சில ஆண்டுகளிற் கெடுவன அல்ல. காஞ்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 75 கிலோமீட்டரே. ஒருநாட் பயணச் செலவு, தவறான கருவியை வாங்கும் நட்டத்தினும் மிகச் சிறிது.

ஒருவரிடத்து ரூ. 30,000 உண்டெனக் கொள்வோம். அதனுள் ரூ. 16,000 ஒலிபெருக்கிக்கும், ரூ. 10,000 பழைய கிட்டாருக்கும், எஞ்சியது உறுதியான வயர், தோள்வார், சுருதி காட்டும் கருவி, மின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் எனப் பகுத்தல் தக்கது. வாலிபர் பெரும்பாலும் இப்பகுப்பைத் தலைகீழாக்கி, கிட்டாருக்கே யாவும் கொடுத்து, ஒலிபெருக்கியை இரவல் வாங்குகின்றனர். இரவற்பெட்டியில் அக்கிட்டாரின் சிறப்பு ஒருவர் செவிக்கும் எட்டுவதில்லை. இவ்வளவு பொருளும் இல்லாதார்க்கு யாம் கூறும் வழி ஒன்றுண்டு. கிட்டார் தனியொருவர் உடைமையாக இருக்க, ஒலிபெருக்கியைச் சபையோ வாலிபர் சங்கமோ கல்லூரி விடுதியோ பொதுவில் வாங்கி வைக்கலாம். ஆண்டுதோறும் வாடகைக்கு இறைக்கும் பணத்தைச் சேர்த்துவைத்தாலே அது கைகூடும். அதன்பின் ஏழைப்பிள்ளை ஒருவன் கடன்படாது இசைக்குழுவில் அமரலாம்.

இவை யாவற்றினும் மேலானது உயிர்க்காவல். மின்கிட்டாரின் தந்திகள் ஒலிபெருக்கியின் வழியே எர்த் கம்பியோடு பிணைந்தவை. அவ்வெர்த் அறுந்திருக்கும் இடத்தில், கை தந்தியிலும் உதடு மைக்கிலும் படுமாயின் மின்சாரம் உடலின் வழியே பாய்தல் கூடும். 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்னும் கிட்டார் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிர் துறந்தார். பந்தலிலும் தெருவிலும் தற்காலிக மின்னிணைப்பில் வாசிக்கும் நம்மவர்க்கு இது பெரும் எச்சரிக்கை. மூன்றாம் முனையை முறித்துவிட்டுப் பிளக்கைச் செருகும் வழக்கத்தை அடியோடு ஒழிக்க. மைக் செட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்க. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றை உடன்கொண்டு செல்க. அதற்காகக் கிட்டாரின் விலையில் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் குறைக.

ஒலியளவிலும் ஒழுக்கம் வேண்டும். இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி, மூடிய மண்டபம் போன்ற இடங்கள் நீங்கலாக, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி விலக்கப்பட்டுள்ளது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் வரையறை. கல்தளமும் கற்சுவரும் உடைய கூடங்களில் கீழ்ச்சுரம் எதிரொலித்துப் பெருகும். பெட்டியை மூலையில் வைத்தால் மேலும் பெருகும். ஆதலின் மூலையை விட்டு முன்னே வைத்து, கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்தி, பாட்டின் சொற்கள் விளங்குகின்றனவா என்று கேட்டபின் ஒலியை அமைத்தல் முறை. சொல் விளங்காவிடின் குறைக்கவேண்டியது முதலில் பேஸ் கிட்டாரையே.

குழித்தறியில் பாவு நூல் முன்னரே இழுத்துக் கட்டப்பெற்று அசையாது நிற்க, ஊடையே ஓடியாடி வண்ணம் காட்டுகின்றது. புடவையைப் புகழ்வார் பாவை நினைப்பதில்லை. ஆயினும் பாவு தளர்ந்தால் புடவை இல்லை. இசையில் அப்பாவாக அமரும் வாலிபனைச் சபையாரும் பெற்றோரும் ஆசிரியரும் ஆதரித்தல் வேண்டும். அவனும் விலையாலும் முழக்கத்தாலும் தன்னைக் காட்ட முயலாது, செவ்விய சுருதியாலும் பாடுவோரைப் பின்பற்றும் பணிவாலும் பெருமை பெறுவானாக. பரிசில் பெற்ற பாணன் பெறாதானுக்கு வழி கூறுதல் பண்டை மரபு. கருவி வாங்கியோர் இனி வாங்குவார்க்கு இங்ஙனமே வழி கூறுவாராயின், ஒரு பிள்ளையும் வீண்கடன் படமாட்டான்.