ஒரு கட்டில், ஆறு கிட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் தென்காசியிலிருந்து திருவேங்கடம் வந்தான். தோளில் ஒரு கறுப்பு உறை. திண்ணையில் உட்கார்ந்து உறையைப் பிரித்து, ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை என் மடியில் வைத்தான். "கம்பிய விடுங்க மாமா, அதுக்கு அடியில இருக்கிற பலகையப் பாருங்க" என்றான்.

பார்த்தேன். கருஞ்சிவப்பில் ஊதா ரேகை ஓடும் தோதகத்தி. ஏழாவது மெட்டுக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு வட்டம். ஆணி ஓட்டையை அதே மரத்தின் சிம்பால் அடைத்துத் தேய்த்திருக்கிறான். அம்மா படுத்திருந்த கட்டில் அது. பழைய வீட்டைப் பிரித்தபோது கால் உளுத்துப்போய்க் கிடந்ததை, "எனக்குத் தாங்க" என்று அவன் வாங்கிப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

பக்கவாட்டுச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 6 அடி. கிட்டாரின் விரல் பலகைக்கு ஏறக்குறைய 19 அங்குலம் வேண்டும். ஒரு சட்டத்துக்கு மூன்று, இரண்டுக்கும் சேர்த்து ஆறு. சட்டத்தின் கனத்தை இரண்டாகப் பிளந்திருந்தால் இன்னும் ஆறு கிடைத்திருக்கும்; உள்பக்கம் முழுக்க ஆணி அடித்த ஓட்டை என்பதால் அது தேறவில்லை. ஆகவே அவன் செய்வது ஆறே ஆறு கிட்டார். பெரிய கம்பெனிகள் 'குறைந்த எண்ணிக்கையில் மட்டும்' என்று அறிவித்து விலையை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே எண்ணிக்கையை மரமே முடிவு செய்துவிட்டது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தோதகத்தியை வெட்டப் போகாமல் கட்டிலிலிருந்து எடுத்தான் என்பதும் பிடித்திருக்கிறது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைக்காமல் போன பிறகு உலகத்துக் கிட்டார்களின் விரல் பலகைக்குப் பெருமளவு போனது நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோதகத்திதான். தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. 2017-ல் அந்த இனத்து மரங்கள் எல்லாம் உலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார் கம்பெனிகள் தவித்துப்போயின. முழுதாகச் செய்து முடித்த கருவிகளுக்கு 2019-ல்தான் விலக்குக் கிடைத்தது.

உடம்புக்குப் பலா மரம். தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைகிற அதே பலா.

ஆம்ப்ளிஃபயரில் சொருகி ஒரு கம்பியைத் தட்டினான். எனக்குச் சின்ன வயசுக் கோயில் கொடை நினைவு வந்துவிட்டது. மெல்லிசைக் குழு மேடையில் சீரியல் லைட் வெளிச்சத்தில் நின்று ஒருவர் வாசிப்பாரே, அந்த மணி மாதிரியான, ஓரம் கொஞ்சம் கரகரக்கிற நாதம். "ஏலே, பழசு மாதிரியே கேக்குதே, எப்படி?" என்றேன்.

கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பைக் கழற்றிக் காட்டினான். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தக் குச்சிகள் ஆறு. அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி, சுமார் 8,000 சுற்று. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிரும்போது தாமிரச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அவ்வளவுதான் கிட்டாரின் குரல். 1950-களில் இதைச் சுற்றும்போது கம்பியைக் கையால்தான் வழிநடத்துவார்கள். சுற்று கொஞ்சம் முன்னும் பின்னுமாக விழும். நெருக்கம் குறைவதால் மேல் ஒலிகள் மங்காமல் தெளிந்து வரும். இவன் படிக்கிற காலத்தில் விடுமுறைக்குச் சங்கரன்கோவிலில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் நின்றவன். பம்ப்செட் மோட்டாருக்குச் சுற்றிப் பழகிய கை. முதல் பத்து சுருள் அறுந்ததாம், பதினொன்றாவது நின்றது.

அந்தப் பழைய பிக்கப்புக்கு ஒரு குறை உண்டு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலையும் சேர்த்து இழுக்கும். பாட்டுக்கு நடுவில் எல்லாரும் நிறுத்தினாலும் 'ங்ங்' என்று ஒரு ஓசை நிற்காது. 1955-ல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து அந்த உறுமலை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளச் செய்தார். இவன் நடு பிக்கப்பை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காந்தத்தையும் திருப்பி வைத்திருக்கிறான். இரண்டைச் சேர்த்து வாசித்தால் உறுமல் அடங்குகிறது. தனியாக வாசித்தால் பழைய குரல் அப்படியே இருக்கிறது.

"இப்ப இழுத்துப் பாருங்க" என்றான். கம்பியை விரலால் ஓரமாக இழுத்தேன். சுரம் ஏறிக்கொண்டே போனது, எங்கேயும் அடைபடவில்லை.

பழைய ஃபெண்டர் கிட்டாரில் இது நடக்காது. அதன் விரல் பலகை 7.25 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் வளைவு. கோர்டு பிடிக்கக் கைக்கு இதமாக இருக்கும். கம்பியை ஓரத்துக்கு இழுத்தால் அந்த முதுகைத் தாண்டும்போது மேல் மெட்டில் உரசிச் சுரம் செத்துவிடும். இவன் 12 அங்குலத்துக்குத் தட்டையாக்கி, மெட்டுகளை உயரமாக வைத்து, மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே மரத்தைப் பள்ளமாகத் தோண்டியிருக்கிறான். விரல் மரத்தில் படுவதில்லை, கம்பியில் மட்டுமே படுகிறது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. வீணையில் 24 மெட்டும் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பது இதற்காகத்தான்; ஒரே மெட்டில் நின்று அடுத்தடுத்த சுரங்களை இழுத்துப் பேச வைக்கலாம். 1970-களில் சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாலின் தன் கிட்டாரின் பலகையை இப்படித்தான் தோண்ட வைத்தார்.

குரலை வைத்துக்கொண்டு கைக்கு வழி விடுவது நமக்குப் புதிதல்ல. மாண்டலினில் இரண்டிரண்டாக எட்டுக் கம்பி இருக்கும். ஜோடியை ஒன்றாக இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாது, கமகம் கலங்கிவிடும். யு. ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடிகளைக் கழற்றி, ஒற்றைக் கம்பி ஐந்து போட்டார். இது கர்நாடக இசைக்கு ஆகுமா என்று கேட்ட பெரியவர்கள் முன்னால் வாசித்தே பதில் சொன்னார். இதற்கும் முன்னால் டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் திமிரி நாகஸ்வரத்தை நீட்டிப் பாரி நாகஸ்வரத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தது எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கோவில்பட்டியில்தான். அவர் வாசிப்பில் நாங்கள் கேட்டு மயங்கிய அந்த ஆழம் பழமை அல்ல. வாசிப்பவரும் ஆசாரியும் எதிரெதிரே உட்கார்ந்து துளையைத் திருத்தித் திருத்திக் கண்டுபிடித்த புதுமை.

அதனால்தான் புதுக் கிட்டாரின் வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கீறி, ஐம்பது வருஷம் அடிபட்டது போல ஆக்கி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தழும்பு வாசிப்பவனுடையது. அதைக் கடையில் விற்கக் கூடாது. இந்தப் பலகையில் இருக்கும் ஆணி ஓட்டை மெய்யாகவே ஆணி ஏறிய ஓட்டை.

ஆறில் நான்கு முடிந்துவிட்டன. மற்ற இரண்டுக்கும் கழுத்தில் பலகையை ஒட்ட வேண்டும். தென்காசியில் இப்போது குற்றாலச் சாரல். காற்றில் ஈரம் ஏறி மரம் உப்பியிருக்கிறது. இப்போது ஒட்டினால் கோடையில் சுருங்கி மெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும் என்கிறான். இந்தக் கரிசல் காட்டுக் காற்றில் ஈரம் தங்காது. புறப்படும்போது இரண்டு பலகைகளையும் வேட்டித் துணியில் சுற்றி எங்கள் பரணில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், ஆவணியில் வந்து எடுத்துக்கொள்வதாக.