ஸ்டெப் எங்கே?

சாயங்காலம் ஆனா எங்க வீட்டு வாசல்ல நாலஞ்சு பசங்க கணக்கு நோட்டோட வந்து உக்காந்துடுவாங்க. (ட்யூஷன் எல்லாம் இல்லீங்க, ஓசிதான். டீ கூட என் செலவு.) போன வாரம் ஒரு பையனும் ஒரு பொண்ணும் டெஸ்ட் பேப்பரோட வந்தாங்க. நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணின அதே கணக்கு. ஒரு வேலையை ராமு 10 நாளில் முடிப்பார், சோமு 15 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? 5 மார்க்.

பொண்ணு கோடு எல்லாம் போட்டு அழகா எழுதியிருக்கா. ராமுவின் ஒரு நாள் வேலை 1/10. சோமுவின் ஒரு நாள் வேலை 1/15. அதுக்கப்புறம் மேல இருக்கறதை மேலயும் கீழ இருக்கறதைக் கீழயும் கூட்டி 2/25. விடை பன்னிரண்டரை நாள். 3 மார்க்.

பையன் '6 நாள்'னு மட்டும் எழுதியிருக்கான். 1 மார்க். பக்கத்துல சிவப்பு மையில "ஸ்டெப் எங்கே?"

பார்த்தவுடனே எனக்குக் கோவம் வந்துச்சு. ராமு ஒண்டியா பண்ணாலே 10 நாள். துணைக்கு ஆள் வந்ததும் பன்னிரண்டரை நாளா? சோமு என்ன, கூட உக்காந்து ஊர்க்கதை பேசினாரா? அதுக்கு 3 மார்க், சரியான விடைக்கு 1 மார்க்.

"எப்படிடா போட்டே?"ன்னு கேட்டேன். அவன் நைனா கூட்ஸ் ஷெட்டுல லோடு ஏத்துறவர்.

"30 மூட்டைன்னு வெச்சுக்கோணா. ராமு ஒரு நாளைக்கு 3 ஏத்துவாரு, சோமு 2. சேந்தா 5. முப்பதுக்கு ஆறு நாளு."

அசந்துட்டேன். "அது ஏன் 30?"

"வேற நம்பர் வெச்சா மூட்டை பிஞ்சிடுமே."

மீ.சி.ம.ங்கற பூதத்தை எட்டாம் கிளாஸ்ல எனக்கு இப்படி யாராச்சும் சொல்லியிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன் (ஹி ஹி).

அவங்கம்மா வேற சண்டைக்கு வந்துட்டாங்க. "ராமானுஜன் மட்டும் ஸ்டெப்பு போட்டாரா?" நம்ம ஏரியாவுல இது சும்மா வர்ற பேச்சு இல்லை. 1912-ல மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு அவர் குமாஸ்தாவா சேர்ந்தது நம்ம துறைமுகத்துலதான்.

ஆனா அங்கதான் நான் கட்சி மாறிட்டேன். ராமானுஜன் ஸ்டெப் போடாம இல்லைங்க. பேப்பர் விலை கட்டுப்படி ஆகாம சிலேட்டுல போட்டு, முழங்கையால அழிச்சுட்டு, விடையை மட்டும் நோட்டுல ஏத்துவார். 1913 ஜனவரியில அவர் ஹார்டிக்கு எழுதின கடிதம் முழுக்க தேற்றங்கள். பிப்ரவரியில பதில் வந்துச்சு. ஆஹா ஓஹோன்னு ஆர்வம் காட்டினாலும், ஹார்டி முக்கியமாக் கேட்டது நிரூபணத்தைத்தான். அதாவது, ஸ்டெப் எங்கே? மேதைக்கே அந்தக் கேள்வி வந்துச்சு. காரணம் சிம்பிள்: அவர் விடையில சிலது தப்பாவும் இருந்துச்சு. எது சரி எது தப்புன்னு வழியைப் பார்க்காம எப்படிச் சொல்றது?

பொண்ணு விஷயமும் அதேதான். அவ ஸ்டெப் எழுதினதாலதான் பின்னத்தைக் கூட்டினதுல இடறினாள்னு எனக்குத் தெரிஞ்சுது. அரை நிமிஷத்துல திருத்திட்டேன்: 3/30 + 2/30 = 5/30, அதாவது 1/6. வெறும் 'பன்னிரண்டரை'ன்னு எழுதியிருந்தா நான் என்னத்தைத் திருத்துறது? ஆனா 10-ஐ விட அதிகமா வருதேன்னு அவளுக்கு உறுத்தலையே, அதுக்கு எந்த மார்க்ல கழிக்கிறது?

என் கட்சி இதுதான். ஸ்டெப் கட்டாயம் வேணும். ஆனா நோட்ஸ்ல இருக்கற ஸ்டெப்தான் ஸ்டெப்னு அடம் பிடிக்கக் கூடாது. "மொத்தம் 30 மூட்டை என்க"ன்னு அந்தப் பையன் எழுதியிருந்தா அதுக்கு முழுசா 5 மார்க் போடணும். போடுவாங்களாங்கறது வேற விஷயம். அவன் எழுதாம விட்டதே அந்த பயத்துலதான். "மூட்டைன்னு எழுதினா சிரிப்பாங்கணா"ன்னான்.

நேத்து இன்னொரு கணக்கு கொடுத்தேன். தொட்டியை 6 மணி நேரத்துல நிரப்பற குழாய், 9 மணி நேரத்துல காலி பண்ற ஓட்டை. ரெண்டும் சேர்ந்தா எப்ப நிரம்பும்? பொண்ணு 1/6 கழித்தல் 1/9-னு ஆரம்பிச்சா. பையன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்.

"ஒருத்தர் ஏத்துறாரு, இன்னொருத்தர் இறக்குறாரு. அவ்ளோதானேணா?"

"எழுதுடா மொதல்ல."

எழுதினான். முதல் வரி: மொத்தம் 18 மூட்டை என்க. பொண்ணு எட்டிப் பார்த்து, "தொட்டிக்குள்ள ஏன்டா மூட்டை வந்துச்சு?"ன்னா. அடிச்சுட்டு 18 குடம்னு மாத்திட்டான்.