கித்தார் துரைமார் சொத்தா?

ஜாஸ் இசை அமெரிக்க முதலாளித்துவத்தின் கழிவு என்றும், கித்தார் கிளப்புத் துரைமாரின் பொழுதுபோக்கு என்றும் நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் இன்றும் பேசி வருகின்றனர். திம்புள்ளயிலே லயத்துப் பிள்ளையொருவன் கித்தாரைத் தொட்டால் அவனுக்கும் இதே தீர்ப்புத்தான். இதனை நாம் முற்றாக மறுக்கிறோம். துரை குடிக்கிறான் என்பதற்காகத் தேயிலை துரையின் உழைப்பாகிவிடுமா?

மின்கித்தாருக்கு ஜாஸிலே தனிக்குரல் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் சார்லி கிறிஸ்டியன். 1916இல் டெக்சாஸில் பிறந்த கறுப்பின ஏழை. கண்பார்வையிழந்த தந்தையோடு ஓக்லஹோமா நகரத் தெருக்களில் இசைத்து வளர்ந்தவர். 1939இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்தார். 1942இல், 25ஆம் வயதிலேயே, காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்நோய் எவர் வீட்டைத் தேடி வருவது என்பதை லயக் காம்பராவில் வாழ்ந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அந்நகரின் ‘கௌரவமான’ கறுப்பினத்தாரே ஜாஸை இழிவாகக் கருதினர் என்று, அங்கு வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் எழுதியிருக்கிறார். விடியற் பிரட்டுக்கு ஆளெழுப்பிய தப்பு, சாவு வீட்டு மேளமென்று நம் பள்ளி மேடைகளிலிருந்து விலக்கப்பட்டதும் வேறு கதையன்று.

சார்லி முதலானோரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தாமே பயின்றவர் கார்ல்ட்டன் கிட்டோ. பெங்களூரில் பிறந்து கல்கத்தாவில் நிலைத்த ஆங்கிலோ இந்தியர். பார்க் தெரு விடுதிகளின் இசை ஓய்ந்தபோதும் (கேளிக்கை வரியும் அதற்கொரு காரணம், வரி விதித்தோர் இதனைச் சிந்திக்கட்டும்) அவர் தம் இசையை விடவில்லை. கல்கத்தா இசைப் பள்ளியில் மாணவர்க்குக் கற்பித்து, 2016இல் மறைந்தார். எந்தத் துரையின் சொத்தை அவர் கட்டிக்காத்தார் என்று வினவுகிறோம்.

வாஷிங்டன் ஜாஸைத் தன் தூதாக்கிக்கொண்டது உண்மையே. 1963இல் டியூக் எலிங்டன் குழுவை அமெரிக்க வெளிவிவகார அமைச்சு கொழும்புவரை அனுப்பிற்று. அவ்வாண்டில் அந்நாட்டின் தென் மாநிலங்களிலே கறுப்பினத்தாருட் பெரும்பாலோர் வாக்களிக்க இயலாதிருந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் நம் மலையகத்தாருட் பெரும்பாலோரையும் அந்நிலையிலேயே நிறுத்தியிருந்தன. அனுப்பியவனைச் சாடுவோம், வாசித்தவனையுமா சாடுவது?

கலைவிழா மேடையிலே கித்தாருக்கும் இடமில்லை, தப்புக்கும் இடமில்லை என்னும் ஆசிரிய நண்பர்கள், அதற்கான காரணத்தை அப்பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.