டூத்பேஸ்ட் பல் விளக்க மட்டுமே!

கொஞ்சம் காட்டமாத்தான் எழுதப் போறேன். எங்க மாமா இதைப் படிச்சாலும் பரவாயில்லை.

பெரியப்பா பொண்ணு கல்யாணம் 2009ல நடந்துச்சு. வீடியோ மொத்தம் மூணு டிவிடி. மூணு மேலயும் பொண்ணு மாப்பிள்ளை போட்டோ போட்ட பேப்பர் ஸ்டிக்கர். கல்யாணம் முடிஞ்ச ஆறாவது மாசம் தாத்தா போய்ட்டார். அவர் குரல் பதிவாகி இருக்கிற ஒரே இடம் அந்த டிவிடிதான். பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில பத்திரமா வச்சிருந்தோம். இந்த 'பத்திரமா'ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திட்டறதுக்குத் தேவைப்படும்.

சமீபத்துல காப்பி எடுக்கலாம்னு உட்கார்ந்தேன். முதல் டிஸ்க் ஏறிடுச்சு. ரெண்டாவது பாதியில நின்னுடுச்சு. மூணாவது 86 சதவீதத்துல அதே கதை. 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்'. பக்கத்துல இருந்த மாமா, "இதுக்காடா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச? கொண்டா இங்க"ன்னு ரெண்டாவது டிஸ்கைப் பிடுங்கிட்டுப் போய், வெள்ளை டூத்பேஸ்ட் வச்சு வட்ட வட்டமா தேய்ச்சுக் கொண்டுவந்தார். பாதி வரைக்கும் படிச்ச டிஸ்கை அதுக்கப்புறம் டிரைவ் டிஸ்க்னே ஒத்துக்கலை.

நிற்க.

தேய்க்கிற கோஷ்டிகிட்ட ஒரே கேள்வி. எதைத் தேய்க்கறீங்க? டிவிடிங்கறது 0.6 மில்லிமீட்டர் கனத்துல ரெண்டு பிளாஸ்டிக் தட்டு ஒட்டினது. நாம எழுதற டிவிடியில, அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாயப் பூச்சு. லேசர் அதைச் சுட்டுத்தான் தகவலை எழுதுது. மேல இருக்கிறது கீறலா இருந்தா மெருகேத்தினா சில சமயம் பலன் இருக்கும், இல்லைங்கல. ஆனா நடுவுல இருக்கிற சாயம் வெயிலுலயும் சூட்டுலயும் மங்கிப் போயிருந்தா, அதை எந்தப் பேஸ்ட்டும் தொடக்கூட முடியாது. அதுலயும் வட்டமா தேய்ச்சா தகவல் ஓடற பாதையோடவே கீறல் விழும். குறுக்கே விழற கீறலைப் பிழைதிருத்தக் கணக்கு சமாளிச்சுடும். பாதையோடவே நீளமா விழுந்தா அது திணறிடும். துடைக்கறதா இருந்தா ஈரமான மெல்லிய துணியால, நடுவுலேர்ந்து விளிம்புக்கு நேர்கோட்டுல. அவ்ளோதான்.

அடுத்து, "டிஸ்க் போச்சு, தூக்கிப் போடு" கோஷ்டி. இவங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம். டிவிடியில 16 செக்டார் சேர்ந்து 32 கேபி ஒரு பிளாக். பிழைதிருத்தம் நடக்கறது அந்தப் பிளாக் கணக்குலதான். ஒரு பிளாக் படிக்க முடியலைன்னா போறது அந்த 32 கேபி. ரெண்டு மணி நேரப் படத்துல அது ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்கு! கண் சிமிட்டற நேரம்கூட இல்லை. ஆனா விண்டோஸ்ல சாதாரணமா காப்பி பேஸ்ட் பண்ணினா, அந்த ஒரு பிளாக்குக்காக கிட்டத்தட்ட 1 ஜிபி இருக்கிற மொத்த ஃபைலையும் கைவிட்டுடும். நெல்லுல ஒரு கல் இருக்குன்னு மூட்டையோட ஆத்துல கொட்டற மாதிரி. குத்தம் டிஸ்க் மேல பாதி, நாம எடுத்த கருவி மேல பாதி.

இன்னொண்ணு. எரர்ங்கறது டிஸ்கோட ஜாதகம் இல்லை. அந்த டிஸ்குக்கும் அந்த டிரைவுக்கும் நடுவுல நடக்கற சண்டை. ஒரு டிரைவ் தடுமாறற இடத்தை வேற டிரைவ் சாதாரணமா தாண்டிப் போகும்.

மூணாவது டிஸ்கை மாமா கண்ணுல படாம ஒளிச்சு வச்சேன். :-) லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச நிரல் இருக்கு. படிக்க முடியற இடத்தை எல்லாம் முதல்ல அள்ளிட்டு, முரண்டு பிடிக்கிற இடத்தை ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும். அதே மேப் ஃபைலோட வேற டிரைவுல போட்டா, விட்டுப்போனதை மட்டும் தேடிப் படிக்கும். நம்ம யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு, நண்பன் வீட்டுப் பழைய டெஸ்க்டாப் ஒண்ணு, பக்கத்து வீட்டு லேப்டாப் ஒண்ணு. வேகத்தையும் குறைச்சு வச்சேன். ஸ்டிக்கர் ஒட்டின டிஸ்க் வேகமா சுத்தினா ஆட்டம் போடுமில்ல. மூணு ராத்திரி ஆச்சு. கடைசியில நிக்காத இடம் 2 எம்பிக்கும் கம்மி.

தாத்தா அட்சதை போடற இடத்துல படம் ரெண்டு தடவை கட்டம் கட்டமா உடையுது. ஆனா "நல்லா இருங்க கண்ணு"ன்னு சொல்றது முழுசா கேக்குது. அப்பா அதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். ஒண்ணும் பேசலை.

இப்ப திட்டற இடத்துக்கு வருவோம். அந்த ஸ்டுடியோக்காரரைத் திட்டலாம். டிவிடி உள்ளேர்ந்து வெளியே எழுதப்படும். எழுதற வேகம் உச்சத்துல இருக்கிறதும் வெளி விளிம்புலதான், நம்ம கைவிரல் படறதும் அங்கதான். மூணாவது டிஸ்க் 86 சதவீதத்துல நின்னது சும்மா இல்லை. அவசரம் அவசரமா 16 எக்ஸ்ல எழுதி, சரிபார்க்காம, ஈரத்தை இழுக்கற பேப்பரை ஒட்டிக் கொடுத்தது அவர் தப்பு. சரி. ஆனா இத்தனை வருஷம் ஒரு தடவைகூட வெளிய எடுத்துப் பார்க்காதது யார் தப்பு? பூட்டி வச்சா பத்திரம்னு நினைச்சோம். பூட்டின பீரோவுக்குள்ளயும் சாயம் மங்கும்னு நமக்குத் தோணவே இல்லை.

"இப்பதான் எல்லாம் கிளவுட்ல இருக்கே"ன்னு ஆரம்பிக்காதீங்க. கிளவுட்ல போடணும்னாலும் முதல்ல டிஸ்கைப் படிச்சாகணும். புது லேப்டாப்ல பெரும்பாலும் டிரைவே கிடையாது. காத்திருக்கக் காத்திருக்க சாயமும் மங்கும், நல்ல டிரைவும் கிடைக்காது.

வர்ற ஞாயித்துக்கிழமை பீரோவைத் திறங்க. எரர் வந்தா தேய்க்காதீங்க, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதீங்க. நிறுத்துங்க. டிரைவை மாத்துங்க, கருவியை மாத்துங்க. கிடைச்சதை ரெண்டு இடத்துல வைங்க.

ரெண்டாவது டிஸ்க்லதான் தாத்தா மைக்கைப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் பேசினாராம். அம்மா சொல்றாங்க. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு, பந்தியில இருந்தேன்.

டிஸ்கி: கடையில வாங்கின சினிமா டிவிடி காப்பி ஆகலைன்னு என்கிட்ட வராதீங்க. அதுல பூட்டே போட்டிருப்பாங்க, அது வேற கதை. மாமாவுக்கு இன்னும் டூத்பேஸ்ட் மேல நம்பிக்கை குறையலை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.